பீலிக் குடமும் என் செவ்வாய்க்கிழமையும்

1

இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில மணி ஒன்பது. நான் வேலைக்குப் போகல!

காய்ச்சல் இல்ல. லீவு போடல. யாரும் சாகல. போகல, அவ்வளவுதான். இனிமே செவ்வாய்க்கிழமை எனக்குச் சொந்தம். இலங்கையில பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல இருக்கிற என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு விடிஞ்சதும் ஃபோன் போட்டுச் சொன்னேன். "ஐயோ, வேலையிலருந்து நிப்பாட்டிட்டாங்களாக்கா?"ன்னு பதறிட்டா. "இல்லடி, நானாதான் ஒரு நாளைக் குறைச்சுக்கிட்டேன்"ன்னேன்.  அப்புறம், "நாமளாக் குறைக்க முடியுமா?"ன்னு கேட்டா.

முடியும் ஸ்டெல்லா, முடிஞ்சிருச்சு! அந்தச் சந்தோஷத்துலதான் இதை எழுதுறேன். சுவிஸ்ல பதினேழு வருஷமா இருக்கேன். பேர்ண் நகரத்துக்குப் பக்கத்துல சின்ன டவுன். முதியோர் இல்லம் ஒன்னுல சமையலறை வேலை. இங்க வேலையை வீதத்துலதான் சொல்லுவாங்க. நூறு வீதம்னா வாரத்துக்கு அஞ்சு நாள், எண்பது வீதம்னா நாலு நாள். பதினேழு வருஷமா நான் நூறு வீதம். இந்த வாரத்துலருந்து எண்பது. மிச்சம் இருபதும் ஒரு சின்ன மொபைல் ஆப். நான் செஞ்ச ஆப். ரயில்ல உக்காந்து, மடியில மகளோட பழைய லேப்டாப்பை வச்சுக்கிட்டு, இந்த ரெண்டு கையால செஞ்சது.

நம்ப மாட்டீங்க. எங்க வீட்டுக்காரரும்தான் நம்பல.

2

பெரட்டுன்னா என்னன்னு நம்ம தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். காலையில மணி அடிச்சதும் களத்துல போய் வரிசையா நிக்கணும். யாரு எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகணும்னு, மேற்பார்வை பாக்கிற கங்காணி பேரைக் கூப்பிட்டுப் பிரிச்சு விடுவார். எங்கம்மா முப்பத்தோரு வருஷம் அப்படி நின்னாங்க. ஞாயித்துக்கிழமையாச்சும் கோயிலுக்குப் போயிட்டு வீட்ல இருப்பாங்கன்னா, அன்னைக்குப் பறிச்ச எடைக்குக் கையில காசு கிடைக்கும்னு கூடையைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இந்த நாள் என்னோடதுன்னு அம்மா சொல்லி நான் கேட்டதே இல்ல.

இங்க வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்க தலைமைச் சமையல்காரர் குளிர் அறைக் கதவுல அடுத்த வாரத்து அட்டவணையை ஒட்டுவார். நாங்க எட்டுப் பேரும் முன்னால நின்னு அவங்கவங்க பேரைத் தேடுவோம். அவர் நல்ல மனுஷன், கத்தவே மாட்டார். ஆனா மணி அடிக்காத பெரட்டும் பெரட்டுதான். அது ஒரு வியாழக்கிழமை எனக்குச் சுருக்குன்னு உறைச்சுச்சு. இத்தனை கடல் தாண்டி வந்தும் அம்மா நின்ன மாதிரியே நிக்கிறேனேன்னு ஒரே ஆத்திரம். அன்னைக்கு ரயில்லதான் முடிவு பண்ணேன். வாரத்துல ஒரு நாளை நான் மீட்டே தீருவேன்.

எப்படி மீட்கிறது? எனக்குக் கை வேலை வராது. கேக் செஞ்சா கல்லு மாதிரி இருக்கும். ஆனா பதுளையில உயர்தரம் கணக்குப் படிச்சவ நான். கேம்பஸுக்குத்தான் இடம் கிடைக்கல, கணக்கு என்னை விட்டுப் போகல. சின்னச் சின்ன ஆப் செஞ்சு வருமானம் பாக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். இணையத்துல இலவச வகுப்பு கொட்டிக் கிடக்கு. போக நாப்பது நிமிஷம், வர நாப்பது நிமிஷம், ரயில்தான் என் பள்ளிக்கூடம்.

முதல் ஆப் ஜெபமாலை எண்ணுறது. அதை இறக்கினவங்க மொத்தம் நாலு பேர். நான், ஸ்டெல்லா, ஊர்ல எங்க ஹாலிஎல சர்ச் ஃபாதர். நாலாவது ஆள் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, அவருக்குக் கோடி புண்ணியம்! ரெண்டாவது ஆப், என்னைக்குக் குப்பை, என்னைக்குப் பழைய பேப்பர், என்னைக்கு அட்டைப் பெட்டி வெளியில வைக்கணும்னு ஞாபகப்படுத்துறது. நகரசபை அதையே இலவசமா விட்டுருச்சு. போச்சு!

எங்க வீட்டுக்காரர் நாதன் யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுறார். "உம்மட ஆப்பை நம்பி வேலையை விட்டுப் போடாதையும் அப்பா"ன்னு தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டே சொன்னார். "விடமாட்டேங்க, ஒரு நாளை மட்டும்தான் விடுவேன்"னேன். அவர் கேலி பண்ணப் பண்ண எனக்கு வேகம் கூடும், என் குணம் அது.

3

மூணாவது ஆப்புக்கு விதை ஒரு தப்பு. நம்ம ஆளுங்களைத் தவிர வேற யாரும் செய்ய மாட்டாங்க அந்தத் தப்பை.

இங்க அடுக்குமாடி வீட்ல வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் கிடையாது. எங்க கட்டடத்துல பன்னெண்டு வீடு. மண்ணுக்கடியில ஒரு அறை, அதுல ஒரே ஒரு மெஷின், கதவுல ஒரு பட்டியல். யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்குன்னு முறை போட்டிருக்கும். அந்த முறையை மீறினா இந்த ஊர்ல கொலைக் குத்தம்.

நாங்க இந்த வீட்டுக்கு வந்த புதுசு. ஒரு சனிக்கிழமை எனக்குப் பத்து மணி முறை. எனக்கு முன்னால கீழ் வீட்டு கெர்பரம்மாவுக்கு எட்டுலருந்து பத்து. எழுபது வயசு தாண்டினவங்க. சிரிச்சு நான் பார்த்ததில்ல. ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். மெஷின் சும்மா நிக்குது, அதுக்கு முன்னால அவங்க கூடை நிறைய உடுப்பு, ஆளைக் காணோம். ஒன்பதே காலுக்குப் போனேன். அப்பவும் காணோம். எனக்கு மனசு கேக்கல.

ஏன்னா நான் பீலியில வளர்ந்தவ. எங்க லயத்து வீட்டு வரிசைக்கு மேல மலைத்தண்ணி ஒரு குழாய் வழியா விழும், அதுதான் பீலி. லயத்துல இருக்கிற இருபது காம்பரா வீட்டுக்கும் அது ஒன்னுதான். குடத்தை வரிசையில வச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிருவாங்க, குடம் ஆளுக்குப் பதிலா நிக்கும். கவுத்து வச்ச குடம்னா, இன்னைக்கு எனக்கு வேணாம்னு அர்த்தம். நிமித்தி வச்ச குடத்தோட முறை வந்து ஆள் வரலன்னா, அதைத் தள்ளி வச்சிட்டு நம்ம குடத்தைப் பிடிக்கக் கூடாது. அவ குடத்தை நாமதான் நிரப்பி, ஓரமா வச்சு, தண்ணி தளும்பாம இருக்க மேல ஒரு இலையைப் போடணும். வந்து பாக்கிறவளுக்கு விளங்கிரும், யாரோ எனக்காகப் பிடிச்சிருக்காங்கன்னு. இலை இருக்கிற குடத்தை ஒருத்தரும் தொட மாட்டாங்க. பீலியை நெனைச்சு நான் ஏங்கிறவ இல்லைங்க. மார்கழியில கையெல்லாம் மரத்துப் போகும், அட்டை கடிக்கும், தலைமயிரைப் பிடிச்சுச் சண்டையும் நடக்கும். ஆனா அந்தச் சண்டைக்காரியும் எதிரி குடத்தை நிரப்பித்தான் வைப்பா.

அதனால கெர்பரம்மா உடுப்பை எடுத்து மெஷின்ல போட்டேன். துவைச்சு, சுருக்கம் இல்லாம நீவி, கொடியில வரிசையாக் காயப்போட்டேன். கடைசியா என் ஜன்னல் தொட்டியிலருந்து ரோஸ்மேரி கொத்து ஒன்னைக் கிள்ளி, வெறுங்கூடையில போட்டுட்டு வந்தேன். நன்றி சொல்ல வருவாங்கன்னு காபித்தூள் கூட எடுத்து வச்சேன்.

வந்தது கடிதம்! கட்டடத்தைப் பராமரிக்கிற நிர்வாகத்துலருந்து, பன்னெண்டு வீட்டுக்கும். மகள் லியா வாசிச்சுச் சொன்னா. "அடையாளம் தெரியாத ஒருவர் குடியிருப்பாளர் ஒருவரின் உள்ளாடைகளைத் தொட்டிருக்கிறார். கூடையில் தாவரத்தின் பகுதி ஒன்றும் விடப்பட்டிருந்தது. இது மிரட்டலாக இருக்கலாம்."

ரோஸ்மேரி மிரட்டலாம்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். லியா அந்தப் பக்கம் போனதும் நாதன்கிட்ட உண்மையைச் சொன்னேன், அவர் தலையில கை வச்சிட்டார். "உமக்கென்ன விசரே? சுவிஸ்காரியின்ர உடுப்பில கை வைச்சிருக்கிறீர்! வாயைத் திறக்காதையும்." நானும் திறக்கல. மூணு வருஷம் கெர்பரம்மாவைப் படியில கண்டா திருடி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். வெக்கமா இருந்துச்சு. நல்லது செஞ்சிட்டு வெக்கப்பட வேண்டியிருக்கேன்னு கோவமாவும் இருந்துச்சு.

4

போன வருஷம் அந்தக் கதவுப் பட்டியல் முன்னால ரெண்டு பேர் முறைக்காகக் கத்திக்கிட்டு நின்னாங்க. நான் உடுப்புக் கூடையோட பின்னால நிக்கிறேன். பளிச்சுன்னு வந்துச்சு. இவங்களுக்குத் தேவை ஒரு பீலி!

அடுத்த நாள் ரயில்லயே ஆரம்பிச்சிட்டேன். ஆப்புக்குப் பேர் குடம். உள்ள மூணே மூணு விஷயம். குடத்தை வைக்கலாம், அதாவது முறை எடுக்கலாம். குடத்தைக் கவுக்கலாம், அதாவது முறையை விட்டுக் கொடுக்கலாம். மூணாவது இலை. முறைக்காரர் வரலன்னா அடுத்த ஆள் அவர் உடுப்பைத் துவைச்சுப் போட்டுட்டு இலையைத் தொட்டு வைக்கலாம், நிரப்பியாச்சுன்னு அர்த்தம். தெரியாததைச் செயற்கை நுண்ணறிவுகிட்ட கேட்டுக் கேட்டு எழுதினேன். அது சொன்னதுல பாதி வேலை செய்யாது. அதோட சண்டை பிடிச்சுத்தான் மீதியைக் கத்துக்கிட்டேன். முதல் தடவை திரையில குடம் நிமிந்து நின்னப்போ ரயில்ல "ஆ!"ன்னு கத்திட்டேன். டிக்கெட் பாக்கிறவர் ஓடி வந்தார்.

லியாவுக்குப் பதினஞ்சு வயசு. நான் தமிழ்ல கேட்டா ஜெர்மன்ல பதில் வரும். அதுவும் காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டாம வரும். ஆப்ல நான் எழுதின ஜெர்மனைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "அம்மா, இப்படி எந்த மனுஷரும் எழுத மாட்டாங்க. கொண்டாங்க." பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா மாத்தினா. இலைக்கு வந்ததும் நின்னுட்டா.

"இது என்ன? ஏன் இலை?"

பீலியைச் சொன்னேன். குடம், வரிசை, இலை எல்லாம். அவ காதுல இருந்ததைக் கழட்டி மேசையில வச்சிட்டுக் கேட்டா. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அவ முகத்தை முழுசா அன்னைக்குத்தான் பார்த்தேன். ஆனா கெர்பரம்மா கூடைக் கதையை அவகிட்டயும் சொல்லல.

ஸ்டெல்லாவுக்கு வீடியோவுல ஆப்பைக் காட்டினேன். பெருமையா, "நம்ம பீலிக்கும் போடலாம்டி"ன்னேன். "குடம் இருக்கையில ஆப் எதுக்குக்கா?"ன்னு அவ கேட்டா. 

5

இங்க ஒரு ஆப் செஞ்சு விக்கிறதை விட அதுக்குக் கடுதாசி சேர்க்கிறது பெரிய பாடு. முதல்ல தலைமைச் சமையல்காரர். "ரெண்டு மாசம் கழிச்சு எண்பது வீதம் தர்றேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். அதுக்கப்புறம் இந்த வருஷம் மாத்த முடியாது"ன்னார். அடுத்தது சமூகக் காப்புறுதி அலுவலகம். சுயதொழில்னு அவங்க ஏத்துக்கணும். கண்ணாடிக்குப் பின்னால இருந்த அம்மா என் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"உங்களுக்கு எத்தனை வாடிக்கையாளர்?"

"ஒருத்தர் கிடைக்கப் போறாங்க. எங்க கட்டட நிர்வாகம். பிடிச்சிருந்தா எல்லாக் கட்டடத்துக்கும் எடுப்பாங்க."

"ஒரே ஒருத்தருக்கு வேலை செஞ்சா நீங்க சுயதொழில் செய்றவர் இல்ல. அவங்களோட தொழிலாளி."

பாருங்க கூத்தை! தப்பி ஓடினாலும் மறுபடி தொழிலாளின்னே பேர் கூப்பிடுறாங்க. ரெண்டாவது வாடிக்கையாளரைக் காட்டினாத்தான் முத்திரை. முத்திரை இல்லாம நிர்வாகம் ஒப்பந்தம் போடாது. ஒப்பந்தம் இல்லாம நான் ஒரு நாளைக் குறைச்சா வீட்டு வாடகைக்கு நாதன் தலையைச் சொறியணும்.

புதன்கிழமை பின்னேரம் நிர்வாகத்து ஆள் துணி துவைக்கிற அறைக்கே வந்தார், ஆப்பைப் பாக்க. மெலிஞ்ச மனுஷன், கையில கோப்பு. என் ஜெர்மன் பதட்டத்துல நொண்டியடிக்கும்னு லியாவைத் துணைக்கு வச்சிருந்தேன். அவர் சொன்னார், "பழைய குடியிருப்பாளர் ஒருத்தர் அபிப்பிராயமும் வேணும், வரச் சொல்லியிருக்கேன்"னு. கதவு திறந்துச்சு. கெர்பரம்மா!

 ஆனாலும் காட்டினேன். முறை எடுக்கிறது, விட்டுக் கொடுக்கிறது எல்லாம் அந்த ஆளுக்குப் பிடிச்சுப் போச்சு. இலைக்கு வந்ததும் தலையை ஆட்டினார். "இது மட்டும் வேணாம். இந்தக் கட்டடத்துல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு."

கெர்பரம்மா ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டாங்க. திரையில மண் நிறத்துல ஒரு குடம், அதுக்கு மேல ஒரு பச்சை இலை. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"அந்த ரோஸ்மேரி."

அழகுக்குப் போட்ட படம்னு ஒரு பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். நாக்கு நுனியில வந்துச்சு. மூணு வருஷம் குனிஞ்சு நடந்தது போதும்னு தோணுச்சு. "நான்தான்"னேன். அதுக்கு மேல எனக்கு ஜெர்மனே வரல. பதினேழு வருஷத்து ஜெர்மனும் ஒரு நொடியில பறந்து போச்சு. போச்சு, என் செவ்வாய்க்கிழமையும் போச்சுன்னு நின்னேன்.

அப்பத்தான் லியா முன்னால வந்தா. முதல்ல என்னைப் பார்த்து, "நீங்களாம்மா அது?"ன்னா, தமிழ்ல. அப்புறம் அவங்க பக்கம் திரும்பி ஜெர்மன்ல ஆரம்பிச்சா. "எங்க அம்மா ஊர்ல பீலின்னு ஒன்னு இருக்கு." கையால மலையைக் காட்டினா, குழாயைக் காட்டினா, வரிசையைக் காட்டினா. அடுத்தவங்க குடத்தைத் தள்ளி வச்சிட்டுத் தன் குடத்தைப் பிடிக்கிறதுதான் அங்க களவுன்னு சொன்னா. அவ பீலியை ஒரு நாளும் கண்டதில்ல. ஏதோ அங்கயே தண்ணி பிடிச்சவ மாதிரி பேசினா. என் கண்ணு நிறைஞ்சிருச்சு.

கெர்பரம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "அன்னைக்கு என் தங்கச்சி வீட்ல விழுந்துட்டா. கூடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன்"னாங்க. அப்புறம், "சட்டைகளை ரொம்ப நேரா காயப்போட்டிருந்தீங்க. நிர்வாகத்துக்குப் புகார் எழுதினப்போ நான் அதை எழுதல."

 அவங்களே நிர்வாகத்து ஆள் பக்கம் திரும்பினாங்க. "இலை இருக்கட்டும். ஆனா கேக்காமத் தொடக் கூடாது. யாருக்கு வேணுமோ அவங்களே இலையைத் திறந்து வைக்கணும். நான் திறக்க மாட்டேன்." அந்த ஆள் கோப்புல எழுதிக்கிட்டார். கெர்பரம்மா போறப்போ ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் ஒன்னை எழுதி என் கையில கொடுத்தாங்க. "என் தங்கச்சி இருக்கிற குடியிருப்புச் சங்கம். இங்க நடக்கிறதை விட அங்க சண்டை அதிகம்." அப்பவும் சிரிக்கல.

அதுதான் என் ரெண்டாவது வாடிக்கையாளர்! வியாழக்கிழமை அவங்க எழுத்துல சரி சொன்னாங்க. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் காப்புறுதி அலுவலகத்துல அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற அம்மா முன்னால போய் நின்னேன். டக்குன்னு முத்திரை விழுந்துச்சு. அந்தச் சத்தம் இருக்கே, கல்யாணத்துக்குக் கூட நான் அவ்வளவு பூரிக்கல. நாதன் கிட்டச் சொல்லிராதீங்க. அவர் கேட்டது ஒன்னே ஒன்னுதான். "அப்ப இனி செவ்வாய்க்கிழமை சமையல் நீரோ, நானோ?"

"நீங்கதான்"னேன்.

6

இந்தக் காலையை என்ன செய்றதுன்னே தெரியல. ஆறு மணிக்கே முழிப்பு வந்துருச்சு. யாரும் என் பேரைக் கூப்பிடல. ஜன்னல்கிட்ட உக்காந்து ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சேன். அம்மா இருந்திருந்தா, இந்தக் கதிரையில உக்கார வச்சு, சும்மா இருங்கன்னு சொல்லியிருப்பேன். அவங்களால முடிஞ்சிருக்காது, அஞ்சு நிமிஷத்துல வெளக்குமாத்தைத் தேடியிருப்பாங்க. பத்து மணிக்கு எனக்குத் துவைக்கிற முறை. ஒன்பது மணிக்கு முந்தியே கூடையைக் கீழ கொண்டு போய் மெஷின் முன்னால வச்சிட்டு, இதோ வந்துர்றேன்னு மேல வந்து எழுத உக்காந்தவதான்.

மணியைப் பார்த்தா பன்னெண்டு! பெரட்டு, பீலின்னு எழுதிக்கிட்டே முறையைக் கோட்டை விட்டுட்டேன். பதறிக்கிட்டு ஃபோனை எடுத்தேன். குடம் என்கிட்ட ஒரு சேதி சொல்லுது. என் ஆப் எனக்கே அனுப்பின சேதி. நிர்வாகம் ஒப்பந்தம் போட்டு இந்தக் கட்டடத்துக்கு ஆப் வந்து இத்தனை வாரத்துல இலையைத் திறந்து வச்சிருக்கிறது நான் ஒருத்திதான். அதை இதுவரை ஒருத்தரும் பயன்படுத்தல. இப்ப அந்த இலை பச்சையா நிக்குது. பக்கத்துல, நிரப்பினவர்: கீழ் வீடு, இடது பக்கம்.

செருப்பு போடாமப் படியில ஓடினேன். அறையில ஆள் இல்ல. கொடியில நாதனோட பஸ் யூனிஃபார்ம், லியாவோட காற்சட்டை, என் உள்பாவாடை வரைக்கும் எல்லாம் வரிசையா, சுருக்கமில்லாம, நேரா. வெறுங்கூடையில ஜெரேனியம் இலை ஒன்னு, தண்டோட. கெர்பரம்மா பால்கனியில இருக்கிற செடிதான்.

அங்கயே நின்னு படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பிட்டேன். நான் எழுதுற இந்த நிமிஷம் வரைக்கும் ஆப்ல கெர்பரம்மாவோட இலை மூடித்தான் இருக்கு. அவங்க உடுப்பை யாரும் தொடக் கூடாது. என் குடத்தை மட்டும் நிரப்பி வச்சிட்டுப் போயிருக்காங்க.